வினைப்பயனும் ஒரு தட்டுச் சோறும்

ஒருவன் பசித்துக் கிடப்பது போன பிறவியில் செய்த வினையால் என்றால், அவனுக்குச் சோறு போடுவது கடவுள் விதித்த தண்டனையில் குறுக்கிடுவது ஆகாதா? இன்று கேட்கக் குரூரமாக இருக்கிறது. ஆனால் வள்ளலார் இந்த ஆட்சேபத்தை அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. ‘ஜீவகாருண்ய ஒழுக்க’த்தில் அதை எடுத்து வைத்துப் பதில் சொல்கிறார்.

வினை என்று ஒன்று இல்லவே இல்லை என்று அவர் வாதாடவில்லை. கொடுங்குற்றம் செய்து சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் தன் சேவகர்களைக் கொண்டு உணவு கொடுக்கிறான் அல்லவா, கடவுளும் அப்படித்தான் என்கிறார். தண்டனை ஒரு கணக்கு, சோறு வேறு கணக்கு. ‘எல்லாம் அவன் தலையெழுத்து’ என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களை அவர்களுடைய நம்பிக்கைக்குள்ளேயே புகுந்து மடக்கிய வாதம் இது. நாத்திகம் பேசி இதைச் சாதித்திருக்க முடியாது.

அதே நூலில் பசித்த உடம்பையும் அவர் உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறார். அறிவு மயங்குகிறது, கண் குழிகிறது, காது கும்மென்று அடைக்கிறது, நாக்கு வறள்கிறது, வயிறு பகீரென்று எரிகிறது. இந்த நிலையில் ஒரு பிள்ளையை வகுப்பில் உட்காரவைத்து வாய்ப்பாடு கேட்டால் என்ன வரும்? ‘மண்டையில் ஏறவில்லை’ என்று ஆசிரியர் சொல்வார். ‘அவன் விதி’ என்பார்கள் வீட்டில்.

1867 மே 23 அன்று வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. எனினும் தருமச்சாலை, தேடி வந்தவருக்குத்தான் சோறு போட முடியும். பிள்ளை இருக்கும் இடத்துக்கே சோறு போக அரசு வேண்டியிருந்தது. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தந்த உணவு, 1956-இல் காமராஜரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் காலை உணவு என்று அது வளர்ந்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தருமமாக இருந்தது உரிமையாயிற்று.

சத்துணவு வந்தபோது வீண் செலவு என்று படித்தவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். இன்று அதே பேச்சு ‘இலவசம் கொடுத்தால் சோம்பேறி ஆவான்’ என்று வேறு சட்டை போட்டு வருகிறது. இதில் கடவுளும் இல்லை, மறுபிறவியும் இல்லை; ஆனால் இல்லாதவன் இல்லாமல் இருப்பதற்கு அவனே காரணம் என்ற பழைய தீர்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. எந்தத் தெருவில், எந்தச் சாதியில், எவ்வளவு கூலி வரும் வீட்டில் பிறந்தான் என்பதைக் கேட்காமலேயே எழுதப்படும் தீர்ப்பு.

சோறு கிடைத்துவிட்டால் சாதி போய்விடுமா? 2018-இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் எதிர்த்தவர்களை விட்டுவிட்டுச் சமையல்காரரை இடமாற்றம் செய்தார்கள். கண்டனம் கிளம்பியதும் அந்த உத்தரவு ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. சாதி, சமயம் பாராமல் பந்தி போட்ட வடலூர் அடுப்புக்கு அப்போது 151 வயது.