கேள்வி கேட்டவர்களின் பக்கம்

1998 கோடையில் அமெரிக்கா பேஸ்பாலை மறுபடியும் நேசிக்கத் தொடங்கியது. 1994-இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே நடக்காமல் போய், ரசிகர்கள் மனம் கசந்திருந்தார்கள். அந்தக் கசப்பை மார்க் மெக்வயர், சாமி சோசா என்ற இரண்டு வீரர்கள் மாற்றினார்கள். ஒரே பருவத்தில் 61 ஹோம் ரன் என்பது ரோஜர் மாரிஸ் 1961-இல் படைத்த சாதனை. மெக்வயர் 70 அடித்தார், சோசா 66.

அதே கோடையில், ஸ்டீவ் வில்ஸ்டீன் என்ற செய்தியாளர் மெக்வயரின் அலமாரியில் இருந்த ஒரு மருந்துப் புட்டியைப் பற்றி எழுதினார். அது ஆன்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஊக்கமருந்து. ஒலிம்பிக்கில் அதற்குத் தடை; பேஸ்பாலில் அப்போது தடையில்லை. கோபமெல்லாம் எழுதியவர் மேல் திரும்பியது. அவருடைய செய்தி நிறுவனத்தை உடைமாற்றும் அறைக்குள்ளேயே விடக் கூடாது என்றார் மெக்வயருடைய அணியின் மேலாளர். ஸ்டீராய்டு பயன்படுத்தியதை மெக்வயர் ஒப்புக்கொண்டது 2010-இல்தான்.

2011-இல் இன்னொரு பேஸ்பால் வீரரான ரையன் பிரானின் சிறுநீர் மாதிரி ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியது. மாதிரியைச் சேகரித்த ஊழியர் அதை உடனே அனுப்பாமல் வீட்டில் வைத்திருந்தார் என்ற காரணத்தால் தண்டனை ரத்தானது. பிரான் அத்துடன் நிற்கவில்லை. அந்த ஊழியர்மீதே சந்தேகம் விழும்படி ஊரறியப் பேசினார். 2013-இல் ஊக்கமருந்து விவகாரத்தில் பிரானுக்கு 65 ஆட்டங்கள் தடை வந்தது. பிறகு தவறை ஒப்புக்கொண்டு, அந்த ஊழியரிடமும் மன்னிப்புக் கேட்டார். பேரும் புகழும் இல்லாத ஒருவர், தன் வேலையைச் செய்ததற்காக, அதுவரை சுமந்த பழிக்கு என்ன ஈடு?

ஊக்கமருந்தின் கேடு, அதை உட்கொண்டவரின் உடம்போடு நிற்கலாம். பொய் அப்படி நிற்பதில்லை. "நான் செய்யவில்லை" என்று நட்சத்திரம் பொய் சொல்லும்போதே, "செய்தாய் என்றவன் பொய்யன்" என்பதும் சொல்லியாகிவிடுகிறது. அதை ஊர் நம்புவதற்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை. ரசிகர்களின் அன்பே சாட்சியாகிவிடுகிறது. எளியவரின் சொல் அதன் முன் எடுபடுவதில்லை.

அதனால்தான் இந்த ஏமாற்றம் இவ்வளவு ஆழமாக வலிக்கிறது. சாதனை பொய்யானது ஒரு பக்கம். நாம் மனமாரக் கொடுத்த அன்பு, உண்மை பேசியவர்களை அடிக்கும் கோலாகப் பயன்பட்டிருக்கிறது என்பது இன்னொரு பக்கம். முன்னதை மறந்துவிடலாம். பின்னதை மறக்கக் கூடாது.

குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் குற்றவாளிகள் அல்லர். ஊக்கமருந்து பற்றிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் பொய் சொன்னார் என்ற வழக்கில், பேஸ்பால் வீரர் ரோஜர் கிளெமன்ஸை 2012-இல் நடுவர் குழு விடுவித்தது. ஆகவே யாரையும் முன்கூட்டித் தண்டிக்க வேண்டாம்; ஆடுபவர்களை நேசிப்பதையும் நிறுத்த வேண்டாம். ஆனால், நாம் நேசிக்கும் ஒருவரைப் பற்றி யாரோ ஒரு கேள்வி எழுப்பினால், கேட்டவர்மேல் பாயாமல் கேள்விக்கு விடை தேடுவோம். விளையாட்டை உண்மையாக நேசிப்பவர் செய்ய வேண்டியது அதுவே.