சம்பளச் சீட்டே முதல் பாடம்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ், கன்னடம், தெலுங்கோடு இந்தியும் ஒடியாவும் காதில் விழும். வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவருக்கு அங்கே எந்தத் தமிழை முதலில் சொல்லித் தருவது? அம்மா, ஆடு, இலையா?

பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே வேறு வழி பிடித்தார். 1963இல் ஆங்கிகோஸ் என்ற சிற்றூரில், உழைப்பாளிகளின் அன்றாடப் பேச்சிலிருந்தே சொற்களை எடுத்து, அவர்கள் வாழ்நிலையை விவாதிக்கவைத்து எழுத்தறிவித்தார். மறு ஆண்டே வந்த ராணுவ ஆட்சி அவரைச் சிறையில் தள்ளியது. அரிச்சுவடியைக் கண்டு அவ்வளவு பயம்!

நம் புதுக்கோட்டையிலும், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கல்குவாரிப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் பழக்கியது.

அதே வழியில், ஓசூரில் தமிழ் சொல்லித் தருபவர்களும் சம்பளச் சீட்டு, பி.எஃப். பிடித்தம், ஓவர்டைம், விபத்துப் புகார் இவற்றிலிருந்து தொடங்கட்டும்.