காணாத உறவுக்கும் கடமை உண்டா?

உறவினரைச் சேர்ந்து நடத்தல் முஸ்லிமின் கடமை என்பதை மதரஸாவில் தொடக்க நாளிலேயே ஓதிவிடுகிறோம். ஆயினும், முகம் பார்த்திராத, கடல் கடந்த உறவுக்கும் அக்கடமை உண்டா என்ற வினா எழும்போது மனம் தயங்குகிறது. பழக்கம் இல்லாத இடத்தில் பாசம் எவ்வாறு பிறக்கும்? பாசம் பிறவாத இடத்தில் கடமை எவ்வாறு நிலைக்கும்?

அரபு மொழியிலேயே இதற்கு விடை இருக்கிறது. கருவறையைக் குறிக்கும் 'ரஹிம்' என்னும் சொல்லே உறவுக்கும் பெயர். 'ரஹ்மான்' என்னும் இறைத் திருநாமத்துக்கும் அதுவே வேர். எனவே உறவு பழக்கத்தால் விளைவதன்று. பிறப்போடு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பெற்றோர் மறைந்த பின்னும் அவர்களுக்குச் செய்ய வேண்டிய நன்மைகளுள், அவர்கள் வழியாக மட்டுமே நமக்கு வாய்த்த உறவுகளைப் பேணுவதும் ஒன்று என்னும் நபிமொழியை அபூதாவூதில் காண்கிறோம்.

இதைப் பல்லாண்டு பிறருக்குப் போதித்தேன். என் நடப்போ வேறாக இருந்தது.

என் உம்மா இலங்கையில், மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். 1962இல் மணமுடித்து, தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, இராமநாதபுரம் பக்கம் வந்து சேர்ந்தார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. உம்மாவுக்கும் அவர் தங்கைக்கும் கடிதம் ஒன்றே துணையாயிற்று.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடுவாசல் இழந்தனர். எருக்கலம்பிட்டி மக்கள் கடல்வழியே கற்பிட்டியில் கரையேறிப் புத்தளம் பகுதியில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். அங்கிருந்து சாச்சியின் கடிதம் வந்தது. உம்மா படிக்க அறிந்தவர். எழுதப் பழகியவர் அல்லர். மறுமொழி எழுதுவது என் பொறுப்பு. இன்று, நாளை என்று தள்ளினேன். உம்மா கேட்டபோது, "எழுதிவிட்டேன்" என்றேன்.

2019இல் உம்மா வஃபாத்தானார். அதன் பின்னரே எருக்கலம்பிட்டி சென்றேன். 2009இல் போர் முடிந்தபின் சிலர் மீண்டு வந்து வீடு கட்டியிருக்கின்றனர்; பலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டனர். உம்மா நீர் இறைத்த கிணறு இருந்தது, வீடு இல்லை. கண் கலங்கினேன். ஆனால் மண்ணுக்காகக் கலங்குவது எளிது; மண் நம்மிடம் கணக்குக் கேட்பதில்லை.

கணக்கு புத்தளத்தில் காத்திருந்தது. எண்பதை எட்டிய சாச்சி என் கையைப் பற்றிக்கொண்டு, "நாங்க இடம் மாறிக்கொண்டே இருந்தோம் மகன், அதாலதான் ராத்தாட காகிதம் வந்து சேரல்ல" என்றார். முப்பது ஆண்டுக்கு மேலாக எங்கள் மௌனத்துக்கு அவரே ஒரு நியாயம் தேடி வைத்திருந்தார்!

அந்த நல்லெண்ணத்தின் நிழலில் ஒதுங்கிவிடவே நஃப்சு விரும்பியது. எனினும் உண்மையைச் சொன்னேன். "ராத்தா என்ன நினைச்சா?" என்று கேட்டார். தங்கைதான் பதில் போடவில்லை என்று உம்மா எண்ணியிருந்ததைச் சொல்ல நேர்ந்தபோதுதான், என் சிறு பொய் குற்றமற்ற ஒருவர்மீது பழியாக நின்றதை உணர்ந்தேன். சாச்சி நெடுநேரம் பேசவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பிறகு, "இனியாவது காகிதம் போடுங்கோ" என்றார்.

ஈடுக்கு ஈடு செய்வது உறவைப் பேணுதல் ஆகாது. அறுத்தவரோடும் சேர்வதே பேணுதல் என்பது நபிமொழி தரும் கருத்து. நான் ஓதியறிந்ததைச் சாச்சி வாழ்ந்து காட்டினார்.

பெற்றோர் பிறந்த ஊரைக் காணப் புறப்படுவோர் பரிசுப் பொருள்களை மறவாமல் கட்டிக்கொள்கின்றனர். அதற்கு முன், அவ்வுறவுக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்னவென்று நெஞ்சைக் கேட்பது நன்று. காணாத உறவுக்கும் கடமை உண்டு; காணாதிருந்த காலத்துக்கும் கணக்கு உண்டு. அறுபட்டதை இணைக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் அருள்வானாக! ஆமீன்.