பலகை மாறினால் பாதை மாறுமா?

திருநெல்வேலிச் சந்திப்பிலே நின்று, பாபநாசத்துக்கும் திருச்செந்தூருக்கும் விரைகின்ற அரசுப் பேருந்துகளைப் பார்க்கிறோம். ஒரு காலத்தில் அவற்றின் உடலிலே 'கட்டபொம்மன்' என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. இன்று அந்த இடத்திலே அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் இருக்கிறது. வழி அதே வழி. பொருநைக் கரை அதே கரை. ஏறுவோரும் இறங்குவோரும் அதே உழவரும் தொழிலாளரும் மாணவரும்தான். வீரன் மட்டும் வண்டியைவிட்டு இறங்கிவிட்டான். ஏன் இறங்கினான்? எவர் இறக்கினார்? எண்ணிப் பார்க்க வேண்டாமா, தோழர்களே!

ஓர் அமைப்பு தன் பெயரை மாற்றிக்கொள்கிறது. பழைய சின்னத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதைச் சூடிக்கொள்கிறது. வானிலே பறப்போரின் கழகமாயினும் சரி, வாய்க்கால் நீர் பகிர்வோரின் சங்கமாயினும் சரி, அன்றாடம் நடப்பதுதான் இது. 'பெயரிலே என்ன இருக்கிறது?' என்று அலட்சியமாகச் சிரிப்போர் ஒருபுறம். 'பெயரை மாற்றினோம், பிணி தீர்ந்தது' என்று கைதட்டுவோர் மறுபுறம். இரு சாராரும் தவறுகின்றனர் என்போம் நாம். பெயர் என்பது ஒரு வாக்குறுதி. வாக்கு வெறும் ஒலி என்பவனும், வாக்குக் கொடுத்ததாலேயே கடன் தீர்ந்தது என்பவனும், நாணயம் அறியாதவர்களே.

வான்படையையே எடுத்துக்கொள்வோம். 1945-ஆம் ஆண்டிலே இந்திய விமானப் படைக்கு 'ராயல்' என்ற அடைமொழியை ஆங்கில அரசு சூட்டியது. 1950-ல் நாடு குடியரசாயிற்று. அடைமொழி உதிர்ந்தது; சின்னத்திலிருந்த மன்னர் முடி அகன்றது; அசோகனின் சிங்கங்கள் அங்கே அமர்ந்தன. அந்த மாறுதலை எவரும் நடிப்பு என்று கூறவில்லை. ஏன்? மன்னராட்சி உண்மையிலேயே போய்விட்டது. அங்கே மாற்றம் முன்னே வந்தது. பெயர் அதன் பின்னே வந்தது.

இனி, பெயர் முன்னே வந்து, மாற்றம் வர மறுத்த கதைக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையிலேயே, சேரன்மாதேவியிலே இருக்கிறது அந்தக் கதை. வ.வே.சு. ஐயர் அங்கே ஒரு குருகுலம் நடத்தினார். 'தமிழ்க் குருகுலம்' என்பது பெயர். நாட்டுப் பணிக்கு இளைஞரை உருவாக்குவது நோக்கம். காங்கிரசின் நிதியும் அதற்குக் கிடைத்தது. தமிழர் அனைவரையும் தழுவிக்கொள்ளும் இனிய பெயர்! ஆனால் உணவு வேளையிலே பிராமணச் சிறுவருக்குத் தனிப் பந்தி என்ற செய்தி 1924-ல் வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தனர். நாடெங்கும் அது பெரும் வழக்காயிற்று. ஐயர் தியாகி, அவருடைய நாட்டுப்பற்றை எவரும் மறுத்தாரில்லை. ஆயினும் வாயிற்பலகை ஒன்று கூற, உள்ளே இலை வேறொன்று கூறிற்று. எதை நம்பும் உலகம்? பலகையையா, பந்தியையா?

மூன்றாவது கதைதான் நம் நெஞ்சைக் குத்துவது. பல்லவன், சேரன், சோழன், பாண்டியன், திருவள்ளுவர், ஜீவா, கட்டபொம்மன் என்று போக்குவரத்துக் கழகங்கள் பல பெயர்களோடு ஓடிக்கொண்டிருந்த காலம். 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு சூட்டியது. யார் அந்தச் சுந்தரலிங்கம்? பாஞ்சாலங்குறிச்சிப் போரிலே கட்டபொம்மனின் படைத்தளபதியாக நின்று, 1799-ல் உயிர் கொடுத்தவன். ஒடுக்கப்பட்ட குலத்திலே பிறந்தவன். அது ஒன்றே அவன் செய்த குற்றமாயிற்று! அந்தப் பெயர் தாங்கிய வண்டியிலே ஏறமாட்டோம் என்று எழுந்தது சாதிச் செருக்கு. பேருந்துகள் தாக்கப்பட்டன, தென் மாவட்டங்களிலே கலவரம் மூண்டது, உயிர்கள் பறிபோயின. தலைவனின் பெயர் தாங்கிய வண்டியிலே நெடுநாள் அமர்ந்து சென்றவர்களுக்கு, அவனுடைய தளபதியின் பெயர் தாங்கிய வண்டி தீட்டாகிவிட்டது! போர்க்களத்திலே இருவரும் சிந்திய குருதியின் நிறம் ஒன்றாகத்தானே இருந்திருக்கும்?

அவ்வாண்டு ஜூலையிலே அரசு முடிவெடுத்தது: எல்லாக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்கள் நீக்கப்படும். நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டமாயிற்று. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமாயிற்று.

அது தவறா? அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூற நாம் விரும்பவில்லை. 'பெயர் பெரிதா, உயிர் பெரிதா?' என்று கேட்பவருக்கு விடை, உயிரே பெரிது என்பதுதான். சுந்தரலிங்கம் பெயரை மட்டும் அழித்திருந்தால், அது செருக்கிற்கு வெற்றிமாலை சூட்டிய கொடுமையாகியிருக்கும். எல்லாப் பெயரும் நீங்கியதிலே ஒரு சமன் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எத்தகைய சமன் அது? எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ட பந்தியின் சமனா? அல்ல. ஒருவன் வந்து அமர்ந்ததும் எல்லோரும் எழுந்துவிட்ட பந்தியின் சமன்! வள்ளுவர் எழுந்தார், ஜீவா எழுந்தார், கட்டபொம்மனும் எழுந்தான். சேரன்மாதேவியிலே பந்தி இரண்டாயிற்று. இங்கே பந்தியே இல்லாமற் போயிற்று. கலவரத்தின் சாக்கு நீங்கியது, வேர் நீங்கவில்லை.

வேர் நீங்கவில்லை என்பதற்குச் சான்று வேண்டுமா? 2023 ஆகஸ்டிலே, நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பள்ளி மாணவன் ஒருவனை அவனோடு பயின்ற சிறுவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். 1997-ல் பிறந்திராத பிள்ளைகள் அவர்கள். எந்தப் பேருந்தின் பெயர் அவர்கள் கையிலே அரிவாளைக் கொடுத்தது? அதன் பின்னர் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையிலே, பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடையாளங்களை நீக்குக என்றது. மாணவர் மணிக்கட்டிலே கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுத்திடுக என்றது. பேருந்திலே பெயர் இல்லை. பிள்ளையின் கையிலே சின்னம் இருக்கிறது! அரசு அழித்த பலகையைவிட, அன்னையும் தந்தையும் கண்டும் காணாதிருந்த கயிறு வலிமை வாய்ந்ததாகிவிட்டது.

அப்படியானால் பலகையை மாற்றுவது வீண் வேலையா? அல்லவே அல்ல. சாதிப் பெயர் தாங்கிய பலகை, படிக்கத் தெரிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் நாள்தோறும் ஒரு பாடம் நடத்துகிறது. அந்தப் பாடத்தை நிறுத்தியாக வேண்டும். 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தைத் துறக்க வேண்டும் என்று தீர்மானித்தபோது, அதை ஏற்றவர்கள் ஏதோ ஒன்றை இழந்தார்கள்: ஊரிலே கிடைத்து வந்த பொய் மதிப்பை. இழப்பு இருந்ததால் அந்தப் பெயர் மாற்றத்திலே உண்மை இருந்தது. நாம் கொள்ளும் உரைகல் இதுவே: பெயரை மாற்றுபவன் அதற்காக எதைக் கொடுக்கிறான்? வண்ணமும் தூரிகையும் மட்டும் செலவாகுமானால் அது விளம்பரம். பழக்கமும் பதவியும் செருக்கும் செலவாகுமானால் அது சீர்திருத்தம்.

உங்கள் ஊர் மன்றத்துக்கும் நாளை புதிய பெயர் வைப்பீர்கள். புதிய சின்னம் தீட்டுவீர்கள். வையுங்கள், தீட்டுங்கள். பலகையை மாட்டுமுன் உள்ளே ஒருமுறை திரும்பிப் பாருங்கள்: மன்றத்தின் தலைமை நாற்காலியிலே இதுவரை அமராதவர் எவர்? எந்தத் தெருவிலிருந்து உறுப்பினர் ஒருவர்கூட வரவில்லை? எவர் வீட்டுத் தண்ணீரை நாம் இன்னும் அருந்தவில்லை? அந்தத் தெருவுக்கு முதலில் நடந்து செல்லுங்கள். அந்தத் தண்ணீரை முதலில் அருந்துங்கள். பிறகு, அந்தத் தெருத் தோழனின் கையாலேயே புதிய பலகையை மாட்டுங்கள். சுந்தரலிங்கத்தின் பெயர் தாங்கிய வண்டி ஒருநாள் மீண்டும் வருமானால், அதிலே எல்லோரும் ஏறி அமரும் ஊர் நமக்கு வேண்டும். அந்த ஊரை ஆக்கும் பொறுப்பு நம்முடையது.