பாதி ஆட்டத்தில் பணம் கட்டுகிறவர்கள்

கபடியில் முதல் 20 நிமிடம் முடிந்ததும் ஐந்து நிமிட இடைவேளை. பின்தங்கிய அணிக்கு அதுதான் உயிர்நாடி. அடுத்துப் பாடிப் போவது யார், கால் பிடிப்பது யார், எதிரணியின் எந்த ஆட்டக்காரரை மடக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். விளையாட்டு தானே முன்வந்து தரும் இரண்டாவது வாய்ப்பு அது.

அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பால் ஆட்டத்திலும் முதல் 30 நிமிடம் முடிந்ததும் இடைவேளை உண்டு. அந்த நேரத்தில் முன்னிலையில் இருக்கும் அணி எது என்பதற்கே தனியாகப் பந்தயம் கட்டுகிறார்கள். மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கத் தடையாக இருந்த மத்தியச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018-இல் ரத்து செய்த பிறகு, இது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. நம் நாட்டில் இதற்கு உடன்பிறப்பு ஐபிஎல் 'செஷன்' பந்தயம். முதல் ஆறு ஓவரில் எத்தனை ரன் என்பதற்கே பணம் கைமாறுகிறது.

இது பாவமா? நாளை நடப்பது தெரியாமல் பணம் போடுவதுதான் சூது என்றால், போடிநாயக்கனூர் வட்டாரமே சூதாடுகிறது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த வட்டாரத்தில் ராசிங்காபுரம் போன்ற மலையடிவார ஊர்களுக்கு ஏலக்காயின் நிச்சயமின்மை நன்றாகத் தெரியும். செடி நட்டால் காய் பார்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். மழை பொய்த்தாலும் நஷ்டம், கொட்டித் தீர்த்தாலும் நஷ்டம். 2019 ஆகஸ்டில் கேரளத்தின் புற்றடியில் நடந்த ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், இரண்டே ஆண்டுகளில் ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. கடன் வாங்கித் தோட்டம் போட்டவர்கள் தவித்தார்கள். ஆனாலும் அதை யாரும் சூது என்று சொல்லவில்லை.

காரணம் எளிது. தோட்டக்காரர் நஷ்டப்பட்ட ஆண்டிலும் காய் விளைந்தது. விடியுமுன் ஜீப் ஏறி போடிமெட்டு வழியே மலைக்குப் போன பெண்களுக்குக் கூலி கிடைத்தது. காய் யார் வீட்டுப் பாயசத்திலோ மணந்தது. பந்தயத்தில் அப்படி எதுவும் விளைவதில்லை. வழக்கமான அமெரிக்கப் பந்தயத்தில் 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும். எதிரெதிராக இருவர் கட்டினால் 220. ஜெயித்தவர் கைக்கு 210 போகும், பத்து டாலர் நடத்துகிறவருக்கு. ஒருவரின் இழப்பைத் தவிர மற்றவரின் லாபத்துக்கு வேறு ஊற்றே கிடையாது.

நம் முன்னோர் இதை நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஒரு சூதாடியின் புலம்பலாகவே ஒரு பாடல் இருக்கிறது; சூதுக்காயை விட்டுவிட்டு நிலத்தை உழு என்பதுதான் அது காட்டும் வழி. சிகாலன் என்பவனுக்குப் புத்தர் சொன்ன உபதேசம் சூதின் ஆறு கேடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் முதலாவது தோற்றவனின் துயரம் அல்ல. ஜெயித்தவன் சம்பாதிக்கும் பகை. குர்ஆன் மதுவையும் சூதையும் ஒரே வசனத்தில் விலக்குகிறது. வள்ளுவர் சூது அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே வைத்தார்.

பாதி ஆட்டப் பந்தயம் இந்தக் கேட்டைக் கூர்மையாக்குகிறது. முழு ஆட்டத்துக்குக் கட்டியவர் முடிவுவரை காத்திருந்தாக வேண்டும். பாதிக்குக் கட்டியவரோ இழந்த பணத்தை மீட்க மறுபாதிக்குக் கட்டலாம், பிறகு கால் பங்குக்கு, பிறகு அடுத்த பந்துக்கு. காலத்தை நறுக்க நறுக்க, யோசிக்கும் இடைவெளி சுருங்குகிறது.

"என் திறமை, என் காசு" என்பது வழக்கமான பதில். எந்த அணி முதல் பாதியில் பாய்ந்து ஆடும் என்று கணிப்பது திறமைதான். ஆனால் திறமையால் பறித்தாலும் அது இன்னொரு வீட்டின் அரிசிப் பணம்தான். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்று 2023-இல் விலக்கியது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. அறத்தின் பக்கம் நின்று பார்த்தால் பின்னதுதான் சரி.

சட்டம் செயலியை மூடலாம். ஊர்த் திடலில் கைமாறும் நோட்டை ஊர்தான் தடுக்க வேண்டும். கபடிப் போட்டி நடத்தும் குழுக்கள் அதைத் தங்கள் பொறுப்பாக ஏற்க வேண்டும். விட முடியாமல் தவிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவனை ஏசாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள்.