ஷை என்றொரு புலவர்

பழைய புஸ்தகம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதிலுள்ள விஷயத்திற்காகவே வாங்குகிறார்கள், அதுதான் நியாயமும்கூட. ஆயினும், விஷயத்தை ஒதுக்கிவிட்டுப் பின்னட்டையையும் விலை ஜாபிதாவையும் பிழைதிருத்தப் பக்கத்தையும் ஆசையோடு படிக்கும் ஒரு சிறு கூட்டம் உண்டு. அதில் நானும் ஒருவன்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பத்து வயதில் பிடித்தது. தாத்தாவின் மரப்பெட்டியிலிருந்து வெயிலில் உலர்த்துவதற்காக எடுத்துப் பரப்பிய புஸ்தகங்களில் ஒன்றின் பின்னட்டையில், ‘நன்னூல் மூலம்’ என்றும், அதன்கீழ் ‘ஷை காண்டிகையுரை’ என்றும், அதற்கும் கீழே ‘ஷை விருத்தியுரை’ என்றும், சற்றுத் தள்ளித் திருக்குறளுக்கும் ‘ஷை உரை’ என்றும் அணாக் கணக்கில் விலையோடு அச்சாகியிருக்கக் கண்டு, இத்தனை நூல்களுக்கும் உரை கண்ட ஷை என்னும் மகாவித்துவான் எந்த ஊர்க்காரர் என்று தாத்தாவையே கேட்டேன். “அட மண்டு, அது மேற்படியடா!” என்றார் அவர்.

மேற்படி என்பதற்கு ௸ என்ற ஒரு குறி கணக்குப்பிள்ளைகளின் கையெழுத்தில் வழங்கிவந்தது. அந்த அச்சு கைவசமில்லாத ஏதோ ஓர் அச்சுக்கூடத்தில், சாயலில் அதற்கு நெருங்கிய ‘ஷை’யைக் கோத்து வேலையை முடித்திருப்பார்கள் என்பது என் ஊகம். எழுத்தே அல்லாத ஒன்று எழுத்தாகி, வாயால் உச்சரிக்கவும் பட்டு, அகராதியிலும் இடம்பிடித்த இந்த உத்தியோக உயர்வு எனக்கு இன்றளவும் வியப்பே.

பழைய அச்சில் இத்தகைய குறிகளுக்குப் பஞ்சமில்லை. ‘தாது ௵ ஆவணி ௴ ௰௨ ௳’ என்னும்போது வருஷமும் மாதமும் நாளும் ஆளுக்கொரு சுழியாகச் சுருண்டுவிடுகின்றன. பன்னிரண்டோ, ௧௨ என்று ஸ்தானம் பார்த்து நில்லாமல், பத்தும் இரண்டுமாக, நாம் சொல்லுகிற வரிசையிலேயே வந்து நிற்கிறது. தாது என்றவுடன் 1876-ஆம் ஆண்டுப் பஞ்சம் நினைவுக்கு வரவேண்டியதுதான். எனக்கோ அந்தச் சுழியின் வாலிலேயே கண் போகிறது. இதற்காக நான் சற்று வெட்கப்படுவதும் உண்டு.

பழக்கதோஷம் எளிதில் விடுவதில்லை. சென்ற வாரம் மளிகைக்கடைக்குக் கொடுத்த சீட்டில், ‘மிளகாய் அரைக் கிலோ’ என்று எழுதி, அதன்கீழ் ‘ஷை தூள் கால் கிலோ’ என்று எழுதிவிட்டேன். கடைப் பையன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டான்:

“ஷை தூள் புதுசா வந்திருக்கா ஐயா? எந்தக் கம்பெனி?”