பதவியும் பொறுப்பும்

நம்மவர் ஒருவர் மந்திரியாகிவிட்டார் என்ற செய்தி வந்தால், மாலையும் மேளமுமாக ஓடுவது நமது மக்களின் வழக்கம். அப்பதவியினால் அவருக்குக் கிடைத்த அதிகாரம் என்ன, கேடு நேர்ந்தால் யாருக்குப் பதில் சொல்வார் என்று கேட்போர் மிகச் சிலரே. பதவி என்பது ஒரு சமூகத்தார்க்கு வாய்த்த கௌரவமா, அல்லது ஒருவர் தலைமேல் ஏற்றப்பட்ட கடமையா என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த விஷயம்.

மலேசிய அரசியலில் ஜி. பழனிவேல் அவர்களின் வாழ்க்கை இதற்கு ஏற்ற சான்றாகும். பத்திரிகையாளராயிருந்த அவர் 1990-ல் உலு சிலாங்கூரில் வென்று பாராளுமன்றம் புகுந்தார். பின்னர் துணை மந்திரியுமானார். 2008-ல் 198 வாக்குகளில் அத்தொகுதியை இழந்தார். ஆயினும் அத்தோல்வியோடு உத்தியோகம் முடியவில்லை. 2010-ல் ம.இ.கா.வின் தலைமையும், மேலவை உறுப்பினராய் மீண்டும் துணை மந்திரி பதவியும் வந்தன, 2011-ல் மந்திரியானார். 2013-ல் கேமரன் மலையில் 462 வாக்குகள் அதிகம் பெற்று வென்று, இயற்கைவள, சுற்றுச்சூழல் மந்திரியானார். தேயிலைத் தோட்டத் தமிழர் வாழும் அம்மலைக்குப் பிரதிநிதியும் அவரே. சுற்றுச்சூழலைக் காக்கவேண்டிய மந்திரியும் அவரே.

அதே ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி நள்ளிரவுக்குப் பின், பெருமழையால் நிரம்பிய ரிங்லெட் சுல்தான் அபூபக்கர் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் ஆறு கரைபுரண்டு, லெம்பா பெர்த்தாம் குடியிருப்புக்குள் சேறும் வெள்ளமுமாய்ப் பாய்ந்தது. வீடுகள் அழிந்தன, உயிர்களும் போயின. மறு ஆண்டு நவம்பரிலும் வெள்ளமும் மண்சரிவும் அம்மலையில் உயிர்ப்பலி கொண்டன.

இது விதியின் செயலா? அன்று. காய்கறித் தோட்டங்களுக்காக மலைச்சரிவுகள் வெட்டப்பட்டன. அவிழ்ந்த மண் ஆற்றில் இறங்கி அணையில் படிந்தது. 1960-களில் எழுந்த அணையின் கொள்ளளவு சுருங்கியது. ஆற்றோரத்தில் வீடுகளும் நெருங்கின. இவை யாவும் மனிதர் செய்தவை.

மனிதர் செய்தவை எனில், பதில் சொல்ல வேண்டியவர் யார்? அரசியல் சட்டப்படி நிலம் பஹாங் மாநிலத்தின் அதிகாரம். அணை மின்சாரக் கம்பெனியின் கையிலுள்ளது. சுற்றுச்சூழல் இலாகா கூட்டரசினுடையது. அன்றைக்கு மந்திரியோ அவ்விலாகாவை ஏற்று ஆறு மாதமும் ஆகவில்லை. இவை ஒவ்வொன்றும் மெய்யே. ஆனால் இம்மெய்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால், பதில் சொல்ல ஒருவருமில்லை என்ற விடையே கிடைக்கிறது. ‘எல்லாம் விதி’ என்பதற்கும் ‘இது என் இலாகாவன்று’ என்பதற்கும் பயனில் யாதொரு வேற்றுமையும் இல்லை.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றம் தீங்கு செய்தவரைச் சாரும். பொறுப்போ, காக்கும் இடத்தை விரும்பி ஏற்றவரைச் சாரும். தோட்டக் காவற்காரன், ‘தீ வைத்தவன் நானல்லேன்’ என்று சொல்லித் தப்ப முடியுமா? தீயை அணைக்கும் வலிமை இல்லையாயினும் கூவி எழுப்பும் கடமை அவனுக்குண்டன்றோ? மந்திரியாயினும் துணை மந்திரியாயினும், கையில் அதிகாரமில்லை எனில் அதை ஜனங்களிடம் பகிரங்கமாகச் சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு. பதவியை விட்டிறங்கும் உரிமையும் உண்டு. இவ்விரண்டையும் எந்தச் சட்டமும் பறிக்கவில்லை.

பழனிவேல் அவர்கள் 2015-ல் மந்திரி பதவியை இழந்தார். அப்போது எங்கும் பேச்சாயிருந்தது கட்சித் தலைமைத் தகராறேயன்றி, லெம்பா பெர்த்தாமின் சேறன்று. 2025-ல் அவர் காலமானார். மறைந்தவரைத் தூற்றுதல் நமது நோக்கமன்று. நாம் கேட்பது மாலை போட்டவர்களையே. நம்மவர் என்று வாழ்த்தினோமே, நம்மவர் என்று கணக்குக் கேட்டோமா?

அம்மலை நாட்டின் ஆதிகுடிகளோ, 2019 இடைத்தேர்தலில் ரம்லி முகமது நோர் வென்றபோதுதான் தம்மவர் ஒருவரை முதன்முதலாக மக்களவையில் கண்டனர். அவர்களது மகிழ்ச்சி நியாயமானதே. எனினும் அவருக்கும், இனி எச்சமூகத்திலிருந்து வருவோர்க்கும் அளவுகோல் ஒன்றே. நாற்காலியில் அமர்ந்தவர் யாருடைய பிள்ளை என்பதன்று. ஆற்றோரத்துக் குடிசையில் இரவில் மழை பெய்யும்போது அங்குள்ளோர் அச்சமின்றி உறங்குகிறார்களா என்பதே அது.